மோரிஸ் மைனரும் வோக்ஸ்வேகன் வண்டும்



மாணவர்கள் ஓய்வு வேளையில் விளையாடும் மகிழுந்துச் சீட்டுகளை ஆசிரியர்களும் பெற்றோர்களும் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு வண்டியின் படம் இருக்கும். அதன் கீழே இயந்திரக் கொள்ளளவு, குதிரைத்திறன், உச்ச வேகம், எடை ஆகியவை அச்சிடப்பட்டிருக்கும். யாருடைய எண் பெரியதோ அவர் அடுத்தவரின் சீட்டை எடுத்துக்கொள்வார். நல்ல விளையாட்டுதான், எண்களை ஒப்பிடும் பழக்கம் வருகிறது. ஆயினும், இரண்டு வண்டிகளை ஒப்பிடுவது என்றால் இவ்வளவுதான் என்னும் எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. அறிவியலையும் வரலாற்றையும் மாறி மாறிக் கற்பித்து வரும் எனக்கு இது சற்று உறுத்தலாகவே இருந்தது.

ஆகவே, அந்த விளையாட்டில் முதல் சுற்றிலேயே தோற்றுப் போகக்கூடிய இரண்டு பழைய வண்டிகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, இங்கிலாந்தின் மோரிஸ் மைனர். மற்றொன்று, செருமனியின் வோக்ஸ்வேகன். பின்னதை உலகம் ‘வண்டு’ என்று அழைத்தது. நம் நாட்டு மலாய் அன்பர்களோ ‘கூரா-கூரா’, அதாவது ஆமை என்றனர். மோரிஸ் மைனருக்கும் வரைபட நிலையில் ஒரு பூச்சிப் பெயர்தான் இருந்தது. அதன் திட்டப் பெயர் ‘மொஸ்கிட்டோ’, கொசு. கொசுவையும் வண்டையும் எடை போட்டுப் பார்ப்போம்.

பிறந்த கதை

மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். இவர் 1906இல் இன்றைய துருக்கியின் இஸ்மீர் நகரில் கிரேக்கக் குடும்பத்தில் பிறந்தவர். 1922ஆம் ஆண்டுப் போரில் அந்நகரைவிட்டு வெளியேறி, பின்னர் இங்கிலாந்து வந்து சேர்ந்த ஏதிலி. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே மோரிஸ் நிறுவனத்தில் இந்தச் சிறு வண்டியின் வேலையைத் தொடங்கிவிட்டார். நிறுவனத் தலைவர் நஃபீல்டு பிரபு (வில்லியம் மோரிஸ் என்பது அவருடைய இயற்பெயர், மிதிவண்டிக் கடையில் தொடங்கி மேலே வந்தவர்) இதன் உருண்டை உடலைக் கண்டதும் முகம் சுளித்தார். ஓடு நீக்கி வேகவைத்த முட்டை போல இருக்கிறது என்பது அவருடைய தீர்ப்பு.

வண்டி ஏறக்குறைய முடிவடைந்த நிலையில், அது ஒடுங்கலாக இருப்பதாக இசிகோனிசுக்குத் தோன்றியது. மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் செய்தார். இரு பாதிகளையும் மெல்ல மெல்ல விலக்கி வைத்துப் பார்த்தார். நான்கு அங்குலம் விலகியபோது, இதுவே சரியான அளவு என்று நிறுத்தினார். ஆனால் பழைய அளவில் பம்பர்கள் ஏற்கெனவே செய்யப்பட்டிருந்தன. அவற்றையும் நடுவில் வெட்டி, இடைவெளியில் ஒரு தகட்டை வைத்து இணைத்தார்கள். தொடக்கக்கால மைனர்களின் பம்பரில் அந்த ஒட்டுத் தெரியும். 1948 அக்டோபரில் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வண்டி வெளியிடப்பட்டது.

இன்னொரு செய்தியையும் குறித்துக்கொள்ளுங்கள். இசிகோனிஸ் முதலில் இவ்வண்டிக்கு எண்ணியிருந்தது, இருபுறமும் படுத்த நிலையில் சிலிண்டர்கள் அமைந்த நான்கு சிலிண்டர் இயந்திரம். வோக்ஸ்வேகனிலும் அதே படுக்கை அமைப்புதான்! செலவு முதலிய காரணங்களால் அது கைவிடப்பட்டு, போருக்கு முந்தைய பழைய இயந்திரமே மைனருக்குள் வைக்கப்பட்டது. அகலமான இயந்திரத்திற்காக ஒதுக்கிய இடத்தில் ஒடுங்கலான இயந்திரம் அமர்ந்ததால், இருபுறமும் தாராளமாகக் கை நுழையும். பழுதுபார்ப்பவர்கள் மைனரை விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

வோக்ஸ்வேகனின் பிறப்பைச் சொல்லும்போது குரலைச் சற்றுத் தாழ்த்தித்தான் சொல்ல வேண்டியுள்ளது. 1934இல் இட்லர் அரசு, பொறியாளர் ஃபெர்டினாண்ட் போர்ஷவிடம் ஒரு மக்கள் வண்டியை வடிவமைக்கும் பொறுப்பை அளித்தது. நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 7 லிட்டர் எரிபொருளே செலவாக வேண்டும். நீரால் அன்றிக் காற்றால் குளிர வேண்டும். விலை 1,000 மார்க்குக்குள் அடங்க வேண்டும். 990 மார்க் என்று விலையும் அறிவிக்கப்பட்டது. மக்கள் வாரந்தோறும் 5 மார்க் கொடுத்து முத்திரை வாங்கி அட்டையில் ஒட்டிச் சேமித்தனர். ஏறத்தாழ 3,36,000 பேர் இத்திட்டத்தில் சேர்ந்தனர். அவர்களில் ஒருவருக்கும் அத்திட்டத்தின்வழி வண்டி கிடைக்கவில்லை. போர் மூண்டதும் தொழிற்சாலை படைக்கான ஊர்திகளையும் ஆயுதங்களையும் செய்யத் தொடங்கியது. போர்க்காலத்தில் அங்கே ஏறத்தாழ 20,000 பேர் கட்டாய உழைப்பில் ஈடுபடுத்தப்பட்டனர். வதை முகாம்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களுள் இருந்தனர். முத்திரை ஒட்டிய செருமானியர்கள் நெடுங்காலம் வழக்காடி, 1961இல் புதிய வண்டியின் விலையில் 600 மார்க் வரை தள்ளுபடியோ 100 மார்க் ரொக்கமோ பெற்றனர்.

தொழில்நுட்ப அட்டவணைகளில் ‘விலை’ என்று ஒரு கட்டம் இருக்கும். இந்த விலை அதில் ஏறுவதில்லை. அழகான, சிரித்த முகம் கொண்ட வண்டி என்பதால் இந்தப் பகுதியை மாணவர்களுக்குச் சொல்லாமல் விடுவது முறையன்று என்பது என் கருத்து. போர்ஷவின் வரைபடங்கள் முழுக்க அவருடையவைதாமா என்னும் கேள்வியும் உண்டு. செக் நாட்டு டாட்ரா நிறுவனம் தன் வடிவமைப்புகள் எடுத்தாளப்பட்டதாகத் தொடுத்த வழக்கு, 1965இல் பத்து இலட்சம் மார்க் இழப்பீட்டுடன் முடிவுற்றது.

எண்கள் சொல்வன

1949, 1950ஆம் ஆண்டு வண்டிகளை அருகருகே நிறுத்துவோம்.

மைனரின் இயந்திரம் 918 சிசி, 27.5 குதிரைத்திறன். வோக்ஸ்வேகன் 1,131 சிசி, 25 குதிரைத்திறன். பின்னாளில் நம் நாட்டுச் சாலைகளை நிறைத்த 660 சிசி கஞ்சில்கூட 31 குதிரைத்திறன் கொண்டது என்பதை நினைத்தால், இவை எவ்வளவு எளிய இயந்திரங்கள் என்பது புரியும். எடையில் இரண்டும் முக்கால் டன்னை ஒட்டியவை. நீளத்தில் மைனர் 3.76 மீட்டர், வோக்ஸ்வேகன் 4.07 மீட்டர். அகலம் இரண்டிற்கும் ஏறத்தாழ ஒன்றே. இன்றைய ஓட்டுநர் கேட்டால் சிரிக்கக்கூடிய ஒரு செய்தி: 1950இல் ‘தி மோட்டார்’ இதழ் மைனரைச் சோதித்தபோது, நின்ற நிலையிலிருந்து மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 29.2 வினாடிகள் ஆயின. உச்ச வேகம் 94 கிலோமீட்டர்தான். வோக்ஸ்வேகனுக்கு அதன் நிறுவனம் சொன்ன உச்ச வேகம் 100 கிலோமீட்டர். எரிபொருள் செலவிலும் பெரிய வேறுபாடு கிடையாது.

சீட்டு விளையாட்டின்படி இது ஏறக்குறையச் சமநிலை. ஆனால் அட்டவணையில் பலரும் தாண்டிச் செல்லும் இரண்டு எண்கள் இருக்கின்றன. சிலிண்டரின் விட்டமும், பிஸ்டன் ஒரு முறை நகரும் தொலைவும்தாம் அவை. மைனரில் விட்டம் 57 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் தொலைவு 90 மில்லிமீட்டர். ஒல்லியான, நெடிய சிலிண்டர். வோக்ஸ்வேகனில் விட்டம் 75, தொலைவு 64. குட்டையான, தடித்த சிலிண்டர். மைனர் தன் முழுத் திறனை நிமிடத்திற்கு 4,400 சுற்றுகளில் தரும். வோக்ஸ்வேகன் 3,300 சுற்றுகளிலேயே தந்துவிடும்.

இதனைக் கணிதப் பாடமாகவே செய்து பார்க்கலாம். ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் ஒரு முறை மேலேறி ஒரு முறை கீழிறங்கும். எனவே மைனரின் பிஸ்டன் ஒரு சுற்றில் 180 மில்லிமீட்டர் செல்கிறது. அதை 4,400ஆல் பெருக்கி 60ஆல் வகுத்தால், வினாடிக்கு 13.2 மீட்டர். வோக்ஸ்வேகனின் பிஸ்டன் ஒரு சுற்றில் 128 மில்லிமீட்டர். அதை 3,300ஆல் பெருக்கி 60ஆல் வகுத்தால், வினாடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர். முழுத் திறனில் உழைக்கும்போது ஒன்று ஓடுகிறது, மற்றொன்று நடக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் ஊர் போய்ச் சேர்ந்தாலும், சேர்ந்தபின் மூச்சு வாங்குவது எது என்பதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள். வோக்ஸ்வேகனை அதன் உச்ச வேகத்திலேயே நாள் முழுவதும் ஓட்டலாம் என்ற பெயர் வந்தது இதனால்தான். மைனரை அப்படி ஓட்டினால் அதன் இயந்திரம் விரைவில் தேய்ந்துவிடும்.

குளிரூட்டும் முறையும் கவனிக்கத்தக்கது. வோக்ஸ்வேகனில் ரேடியேட்டர் இல்லை. ஆகவே கொதித்து வழிவதற்குத் தண்ணீரும் இல்லை. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையைப் பழைய வண்டியில் கடந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். வளைவுக்கு வளைவு நிறுத்தி, ரேடியேட்டரைத் திறந்து தண்ணீர் ஊற்றிய கதைகளை நம் பெரியவர்கள் நிறையவே வைத்திருக்கிறார்கள்.

அதற்காக மைனரை ஒதுக்கிவிட வேண்டாம். சாலையில் திருப்பி நிறுத்தும் கலையில் வோக்ஸ்வேகன் அதன் பக்கத்தில் வர முடியாது. இசிகோனிஸ் இயந்திரத்தை முன்சக்கரங்களை ஒட்டி நன்றாக முன்னே தள்ளி வைத்தார். பற்சட்டமும் சிறு பற்சக்கரமும் கொண்ட நேரடியான ஸ்டியரிங்கைப் பொருத்தினார். அக்காலத்தில் சிறியவை எனக் கருதப்பட்ட 14 அங்குலச் சக்கரங்களைத் தேர்ந்தார். விளைவு, கை நினைத்த இடத்தில் வண்டி நின்றது. வோக்ஸ்வேகனில் இயந்திரம் பின்சக்கரங்களுக்கும் பின்னால் தொங்குகிறது. பின் அச்சு இரு பாதிகளாக ஊசலாடுவது. வளைவில் வேகமாக நுழைந்து, அஞ்சிப்போய் முடுக்கியிலிருந்து காலை எடுத்தால், பின்சக்கரம் உள்நோக்கி மடங்கி வண்டியின் பின்பக்கம் வெளியே பாயும். மழைச் சாலையில் இது விளையாட்டன்று. எளிய ரக வோக்ஸ்வேகன்களில் 1962 வரை கம்பியால் இழுக்கும் பிரேக்குகளே இருந்தன. மைனரில் தொடக்கம் முதலே நீரியல் பிரேக்குகள். வோக்ஸ்வேகனில் 1961 வரை பெட்ரோல் அளவுகாட்டியும் கிடையாது! இயந்திரம் திணறும்போது காலடியில் உள்ள சிறு குழாயைத் திருப்பினால் சேமிப்பு எரிபொருள் வரும். அதைத் திருப்பிவிட்டு மறந்து போனவர்கள் நடந்துதான் வீடு போக வேண்டும்.

ஓட்டி மகிழ மைனர். ஓட்டித் தேய்க்க வோக்ஸ்வேகன். எண்களிலிருந்து நான் பெறும் தீர்ப்பு இது.

எங்கள் தோட்டத்துப் பெரிய கிராணியார் 1980களிலும் ஒரு மைனரை வைத்திருந்தார். கதவுத் தூணிலிருந்து ஆரஞ்சு நிறக் கை ஒன்று எழுந்து, திரும்பும் திசையைக் காட்டும். அந்தக் கை எழுவதைப் பார்ப்பதற்காகவே சந்தியில் நின்ற சிறுவர்களில் நானும் ஒருவன். இதைச் சொல்லி வைக்கிறேன்; என் தீர்ப்பில் சாய்வு இருந்தால் வாசகர்கள் கழித்துக்கொள்ளலாம்.

எண்கள் சொல்லாதவை

வியப்பு இனிமேல்தான் வருகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அட்டவணையில் மைனரே முந்தியது. மோரிசும் ஒஸ்டினும் 1952இல் இணைந்தபின் ஒஸ்டினின் புதிய இயந்திரம் மைனருக்குள் வந்தது. 1956இல் 948 சிசி, 37 குதிரைத்திறன். 1962இல் 1,098 சிசி, 48 குதிரைத்திறன். அதே 1962இல் வழக்கமான வோக்ஸ்வேகன் 34 குதிரைத்திறனில்தான் நின்றது. சீட்டு விளையாட்டில் மைனர் இப்போது தெளிவாக வெல்லும். ஆனால் உலகச் சந்தையில் அது தோற்றுக்கொண்டிருந்ததும் அதே ஆண்டுகளில்தான். (மதிப்பெண் பட்டியலில் முதலிடம் என்றால் வாழ்க்கையில் என்ன இடம் என்று இங்கே அறிவுரை தொடங்கப் போவதில்லை, பெற்றோர்கள் அஞ்ச வேண்டாம்.)

போர் முடிந்தபோது வோக்ஸ்வேகன் தொழிற்சாலை குண்டுவீச்சில் சிதைந்து பிரிட்டிஷ் படையின் பொறுப்பில் இருந்தது. ஐவன் ஹர்ஸ்ட் என்னும் பிரிட்டிஷ் மேஜர் அதைச் சீர்செய்து, 1945 டிசம்பரில் மகிழுந்து உற்பத்தியைத் தொடங்கி வைத்தார். படைக்கு வண்டிகள் தேவைப்பட்டன. வேலையற்ற மக்களுக்குச் சோறு தேவைப்பட்டது. இதற்கிடையில், போரில் கைப்பற்றிய ஒரு வண்டியைப் பிரித்து ஆராய்ந்த ஹம்பர் நிறுவனப் பொறியாளர்களின் அறிக்கை 1946இல் வெளியானது. இதில் பிரிட்டிஷ் தொழில்துறை பின்பற்றத்தக்கது ஒன்றுமில்லை என்பதே அதன் சாரம். அவர்கள் ஒன்றும் அறிவிலிகள் அல்லர். சத்தம், நெருக்கடி, குறைந்த திறன் என அவர்கள் குறித்தவை பலவும் உண்மையே. அவர்கள் அளந்தது மேசைமேல் பிரித்து வைத்த வண்டியை. பின்னர் அந்த வண்டியைச் சுற்றி எழுந்த ஏற்பாட்டை அவர்கள் அளந்திருக்க வழியில்லை.

அந்த ஏற்பாட்டைக் கட்டியவர் 1948 சனவரியில் பொறுப்பேற்ற ஹைன்ரிக் நோர்டோஃப். ஆண்டுதோறும் உடலின் உருவத்தை மாற்றி ஆசை காட்டும் வழக்கத்தை அவர் ஏற்கவில்லை. உருவம் அப்படியே இருக்க, உள்ளே உள்ள உறுப்புகளை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே போனார். ஒரு நாட்டில் வண்டியை விற்பதற்குமுன் அங்கே பயிற்சி பெற்ற பழுதுபார்ப்பவரும் உதிரிப்பாகக் கிடங்கும் இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். 1949இல் அமெரிக்காவில் விற்பனையான வோக்ஸ்வேகன்கள் இரண்டே இரண்டு. 1955 ஆகஸ்டு 5ஆம் நாள் பத்து இலட்சமாவது வண்டு வெளிவந்துவிட்டது.

மைனர் அந்த எண்ணை 1960 டிசம்பரில் தொட்டது. பத்து இலட்சத்தை எட்டிய முதல் பிரிட்டிஷ் மகிழுந்து என்ற பெருமை அதற்கு உண்டு. அதைக் கொண்டாட, வெளிர் ஊதா நிறத்தில் 350 வண்டிகளைச் செய்தார்கள். ஆனால் நிறுவனத்தின் கவனம் அதற்குள் வேறு பக்கம் போய்விட்டது. 1959இல் அதே இசிகோனிசின் மினி வந்திருந்தது. வண்டைப் போல மைனரை ஆண்டுதோறும் செதுக்கிச் சீர்படுத்த அங்கே ஆளில்லை. இயந்திரம் மட்டும் பெரிதாயிற்று. மற்றவை பெரும்பாலும் 1948இல் விட்ட இடத்திலேயே இருந்தன. 1971இல் இங்கிலாந்தில் மைனர் மகிழுந்தின் உற்பத்தி முடிவுற்றபோது மொத்தம் ஏறத்தாழ 16 இலட்சம். அடுத்த ஆண்டு, 1972 பிப்ரவரி 17இல், வோக்ஸ்வேகன் 1,50,07,034ஆவது வண்டை வெளியிட்டு ஃபோர்டு மாடல் டியின் சாதனையைக் கடந்தது. மெக்சிகோவின் பியூப்லா நகரில் 2003 சூலை 30இல் கடைசி வண்டு வெளிவந்தபோது எண்ணிக்கை 2,15,29,464. ஏறத்தாழப் பதின்மூன்று மடங்கு! இவ்வளவு பெரிய இடைவெளிக்கு 918, 1,131 என்னும் எண்களில் எந்த அறிகுறியும் இல்லை.

ஒரு வகையில் மைனருக்கு நியாயம் வேறிடத்தில் கிடைத்தது. பழைய இயந்திரங்களின் அழுத்த விகிதம் மிகவும் குறைவு. வண்டில் 5.8, மைனரில் ஏறத்தாழ 6.5 முதல் 7 வரை. போருக்குப் பின் கிடைத்த மட்டமான பெட்ரோலுக்காக அமைந்த அளவு அது. அட்டவணையில் இது குறையாகவே தோன்றும். அழுத்தம் குறைந்தால் திறனும் குறையும். ஆனால் 1990 முதல் இலங்கையின் வடபகுதிக்கு எரிபொருள் செல்வது தடுக்கப்பட்டபோது, யாழ்ப்பாணத்து வீதிகளில் ஓடிக்கொண்டிருந்தவை பழைய ஒஸ்டின்களும் மோரிஸ் மைனர்களுமே. சில துளி பெட்ரோலை விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். நோயாளிகள் மருத்துவமனைக்கும் மணமக்கள் கோவிலுக்கும் புகை கக்கிய அந்த வண்டிகளில்தான் போனார்கள். அழுத்தம் மிகுந்த புதிய இயந்திரங்களுக்கு மண்ணெண்ணெய் ஒத்துவராது. ஆக்ஸ்ஃபோர்டை அடுத்த கவுலி தொழிற்சாலையில் இந்த இயந்திரத்தைப் பொருத்தியவர்கள் இப்படியொரு பயன்பாட்டை எண்ணியிருக்க மாட்டார்கள்.

உங்கள் பள்ளிக்கு அருகில் ஒரு பழைய மோரிஸ் மைனர் நின்றால், உரிமையாளரிடம் அனுமதி பெற்று, மாணவர்களை ஓர் அளவுகோலுடன் அழைத்துச் செல்லுங்கள். இயந்திர மூடியின் நடுவே, முன்னிருந்து பின்னாக, தட்டையான பட்டை ஒன்று ஓடுவதைக் காணலாம். இசிகோனிஸ் அறுத்துச் சேர்த்த அகலம் அங்கே இன்னும் இருக்கிறது. அதை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மூடியைத் திறந்து, இயந்திரத்தின் இருபுறமும் ஏன் இவ்வளவு இடம் காலியாகக் கிடக்கிறது என்று கேளுங்கள்.